கடைசிப் பெயருக்கு ஒரு புள்ளடி

1

போன வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் என் மனைவி தவமணியின் தம்பி. அங்கே கடலோரத்துச் சிறிய ஊர் ஒன்றில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறான். கடிதம் அரைப் பக்கம்தான். அதோடு மடித்து வைத்திருந்தது அவனுடைய ஊர்ப் பத்திரிகையின் ஒரு துண்டு: மாவட்ட சபைத் தேர்தல் முடிவுகள். வட்டாரம் வட்டாரமாகப் பெயர், கட்சி, வாக்கு. ஓரத்தில் பேனையால் எழுதியிருந்தான்: "அத்தான், உங்களுக்கு உது பலகாரம் மாதிரி எண்டு தெரியும்."

அவன் சொன்னது சரி. பதினான்கு வருடம் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். தேர்தல் முடிவுகளைப் பத்தி பத்தியாக அடுக்கியிருக்கிறேன். இப்போது ஸ்காபரோவில் ஒரு அச்சகத்தில் நாய் உணவு டின்களுக்கும் ஷாம்பூ போத்தல்களுக்கும் ஒட்டும் லேபிள்களைச் சரிபார்க்கிறேன். எழுத்துப் பிழை பிடிப்பவனுக்கு எந்த நாட்டிலும் வேலை இருக்கிறது. எட்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும் வேலை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அந்தத் துண்டைப் படித்தேன்.

முடிவுப் பட்டியலில் கதை பெரும்பாலும் வென்றவரிடம் இருப்பதில்லை. எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத எண்ணோடு நிற்பவரிடம் இருக்கிறது. அந்தத் துண்டில் ஒருவருக்குப் பதினொரு வாக்கு. நான் பென்சிலால் அவருக்குக் கீழே கோடு போட்டேன்.

"உந்தப் பதினொரு பேரும் ஆராயிருக்கும்?" என்றேன்.

தவமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு விசரே? ஆர் போட்டது, ஆர் போடாமல் விட்டது எண்டு ஒருக்கா ஆராய்ஞ்சது காணும்."

அவள் சொன்னது இரண்டு வருடத்துக்கு முந்திய எங்கள் நகரசபைத் தேர்தலை. அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு இதுவரை நான் எழுதவில்லை. பிழை என்னுடையது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

2

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, அந்த மார்கழியில் நானும் தவமணியும் மகள் சுமதியும் ரொறன்ரோவில் வந்து இறங்கினோம். டோர்செட் பார்க்கில் பதினான்கு மாடிக் கட்டிடம் ஒன்றில் நான்காம் மாடி. வந்து இரண்டாவது இலையுதிர் காலத்தில் ஒரு பெண்மணி கையில் அட்டையோடு கதவைத் தட்டினார். வாக்காளர் பட்டியல் எடுக்கிறாராம்.

"நீங்கள் கனடியப் பிரசையா, அல்லது வேறு பிரித்தானியப் பிரசையா?"

இரண்டும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நான் நீட்டிய கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த நாடுகளின் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டு கீழே போனார். எஸ் எழுத்தில் விரல் நின்றது.

"பொதுநலவாய நாடு. நீங்கள் பிரித்தானியப் பிரசைதான்," என்று எனக்கு அறிவித்து, எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் தவமணி கேட்டாள்: "நாங்கள் எப்ப இங்கிலீஸ்காரர் ஆனது?"

"இப்பதான். அந்த மனிசி வாசலில வச்சு ஆக்கிப்போட்டுப் போகுது."

"அப்ப இனிப் புட்டு அவிக்கத் தேவையில்லை."

பிறந்த நாட்டில் வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்த கும்பல்களுக்குப் பயந்து இடம் மாறியவர்கள் நாங்கள். இங்கே பட்டியல் எடுக்க வந்தவர் வாக்குரிமையைத் தந்துவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே மனம் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுத்தது. எங்கள் கட்டிடத்தில் பிள்ளைகள் கூப்பிட்டு வந்திருந்த முதியவர்கள் பலரும் அப்படியே பிரித்தானியப் பிரசைகள் ஆனார்கள்.

3

கட்டிடத்துக்கு முன்னால் ஒரு வீதி. நான்கு வரிசையில் கார்கள் ஓடும். பேருந்துத் தரிப்பும் மரக்கறிக் கடையும் எதிர்ப்பக்கம். சமிக்ஞை விளக்குக்கு நடந்து போய்த் திரும்பி வர இருபது நிமிடம். ஆகவே எல்லோரும் நடுவால் கடந்தார்கள். இரண்டு கையிலும் பைகளோடு வயதானவர்கள் வீதியின் நடுக்கோட்டில் நிற்பதையும், முன்னாலும் பின்னாலும் கார்கள் போவதையும் எங்கள் பல்கனியிலிருந்து பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருப்பது சுகமாக இராது.

ஏழாம் மாடி இராசநாயகம் அண்ணை இதற்காக நகரசபைக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்ற ஒரே பதில். அவர் மட்டக்களப்பு. எழுபதுகளின் நடுவில் வந்து குடியுரிமை எடுத்தவர். ஒரு ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறையில் வேலை. கட்டிடத்தில் இருந்த மற்றத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் யாழ்ப்பாணம். மட்டக்களப்பு அவருடைய ஒரு குடும்பம்தான். அவர் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்று சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு கணம் பிந்தித்தான் வரும்.

நான்காவது கடிதம் எழுதுவதற்குப் பதிலாக அவர் தேர்தலில் நின்றார்.

அவருடைய மனைவி மங்கை அக்கா என் முன்னாலேயே சொன்னார்: "யாழ்ப்பாணத்தாக்கள் உங்களுக்குப் போடுவாங்களாக்கும். வெக்கங்கெட்டு நிக்கப் போறயள்."

"ரோட்டு எல்லாருக்கும் ஒண்டுதானே கா," என்றார் அண்ணை. "கார் வந்து அடிக்கக்குள்ள ஊர் கேட்டா அடிக்கும்?"

ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை அவருடைய ஆஸ்பத்திரி நண்பர்கள் செய்தார்கள். வேலையிடத்தில் அவர் பெயர் 'ரே'. இராசநாயகத்தை அங்கே யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பிரசுரத்தில் அவருடைய படமும், பெரிய எழுத்தில் 'ரே' என்பதும், வீதிக்கு ஒரு கடவை வேண்டும் என்பதும் இருந்தன. தமிழ் வேலை என் பொறுப்பு. பத்திரிகைக்காரன் அல்லவா.

தேர்தலுக்கு முதல் வாரம் சின்னத்துரை ஐயா என்னை எலிவேட்டரில் பிடித்தார். ஓய்வு பெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ஒன்பதாம் மாடியில் மகனோடு இருக்கிறார்.

"தம்பி, இராசநாயகத்துக்கு என்ன சின்னம்? மரமோ, மணியோ, மாட்டு வண்டிலோ?"

"இங்க சின்னம் இல்லை ஐயா. பேர் மட்டுந்தான்."

"சின்னம் இல்லாமல் என்னெண்டு எலெக்சன் வைக்கிறாங்கள்? இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாததுகள் என்ன செய்யும்?"

நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். எங்கள் வட்டாரத்தில் நான்கு வேட்பாளர்கள்: பார்லோ, ஹென்ஷோ, ஓக்ஸ், இராசநாயகம். வாக்குச்சீட்டில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும். இராசநாயகம் ஆங்கிலத்தில் R. அதுதான் கடைசி. அன்றே கையால் ஒரு அறிவித்தல் எழுதி, அச்சகத்தில் பிரதி எடுத்து, எல்லா மாடிகளிலும் எலிவேட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தமிழ்க் கதவுகளுக்குக் கீழாலும் ஒவ்வொன்று தள்ளினேன்.

'நான்கு பெயர்களில் கடைசிப் பெயர். அதற்கு எதிரே உள்ள வட்டத்துக்குள் X என்று ஒரு புள்ளடி.'

சுருக்கம், தெளிவு. எனக்கே திருப்தியாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் வீதிக்கு அப்பால் வெள்ளைக்காரரின் வீடுகளில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணை அதைப் படிக்கவில்லை. அறிவித்தல் ஒட்டக்கூடாது என்று கட்டிடப் பொறுப்பாளர் இரண்டு நாளில் அவற்றைக் கிழித்துவிட்டார். அதற்குள் எல்லோரும் பாடமாக்கி விட்டார்கள்.

4

வாக்குச்சாவடி எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்திலேயே, பிறந்தநாள் விழாக்கள் நடக்கும் அறையில். வேலை முடிந்து நானும் தவமணியும் ஆறரைக்குப் போனோம். சீட்டை விரித்தேன்.

முதற் பெயர்: ஆறுமுகம், ரே. பிறகு பார்லோ. பிறகு ஹென்ஷோ. கடைசியில் ஓக்ஸ்.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறுமுகம் இராசநாயகம் என்றால் ஆறுமுகத்தின் மகன் இராசநாயகம். ஆனால் வேட்புமனுவில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர் அண்ணை. குடும்பப் பெயர் என்றால் என்ன என்று அலுவலரைக் கேட்டிருக்கிறார். தகப்பன் வழியாக வரும் பெயர் என்று அலுவலர் சொன்னார். தகப்பனின் பெயரை எழுதினார். அதனால் R என்பது A ஆனது. கடைசி முதல் ஆனது. வேட்பாளர் பட்டியலைப் பார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கொழும்பில் எனக்குக் கீழே வேலை செய்த எவராவது அந்த அழைப்பை எடுக்காமல் விட்டிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

வெளியே வந்தபோது சின்னத்துரை ஐயா வாசலில் நின்றார். முகத்தில் கோபம்.

"பார்த்தீரே தம்பி? மேல ஆறுமுகம் எண்டு ஒருத்தன் நிக்கிறான். தமிழன்! இராசநாயகத்தின்ர வாக்கைப் பிரிக்க ஆரோ இறக்கி விட்டிருக்கிறாங்கள். துரோகி. நான் விடேல்லை. நீர் எழுதினபடி கடைசிக்குத்தான் போட்டனான்."

"ஐயா, கடைசியில ஓக்ஸ் எண்டெல்லோ இருந்தது?"

"இருந்தது. இங்கிலீஸ்காரன் பேரை அச்சடிச்ச விதம் பிழையாக்கும் எண்டு நினைச்சன். பேப்பர்காரன் எழுதினது பிழைக்குமே?"

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவரே இப்படிச் செய்திருந்தார்.

5

எட்டு மணிக்குச் சாவடி மூடி அங்கேயே எண்ணினார்கள். வேட்பாளர் என்ற முறையில் அண்ணை பக்கத்தில் இருந்தார். எங்கள் சாவடியில் அவருக்குப் பதினான்கு. ஓக்ஸ் என்ற பெண்மணிக்கு முப்பத்தொன்று. மறுநாள் பத்திரிகையில் முழு வட்டாரத்தின் முடிவு வந்தது. பழைய உறுப்பினர் பார்லோ இலகுவாக வென்றிருந்தார். எங்கள் வாக்குகள் சரியாக விழுந்திருந்தாலும் அண்ணை வென்றிருக்க மாட்டார். அதை நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் அந்த வாரம்கூட நீடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை தேத்தண்ணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அந்த ஞாயிறு வரவில்லை. எலிவேட்டருக்குள் யாராவது தமிழர் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்து நின்றார். தவமணி சலவை அறையில் மங்கை அக்காவைச் சந்தித்திருக்கிறாள்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"அண்ணை தோத்ததுக்குக் கவலைப்படேல்லையாம். தோக்கப் போறன் எண்டு தெரிஞ்சுதான் நிண்டவராம். ஆனா இந்தக் கட்டிடத்து ஆக்கள் மட்டக்களப்பானுக்குப் போடுறதிலும் பார்க்க முகம் தெரியாத ஒரு வெள்ளைக்கார மனிசிக்குப் போட்டிட்டினம் எண்டு சொன்னவராம். வேற வீடு பாக்கினமாம். மிசிசாகாப் பக்கம்."

முப்பத்தொன்று என்ற ஒரே எண் எனக்கு ஒன்றையும் அவருக்கு வேறொன்றையும் சொல்லியிருந்தது. அவருக்குச் சொன்னது பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் நானும் தவமணியும்தான்.

"போய்ச் சொல்லுங்கோவன்," என்றாள் தவமணி.

"நான் சொன்னா, மனதைத் தேத்தச் சொல்லுறன் எண்டு நினைப்பார்."

"அப்ப எல்லாருக்கும் சொல்லுங்கோ."

இன்னும் மூன்று நாள் தாமதித்தேன். அதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. வெட்கம்தான். பிறகு, பத்திரிகையில் பிழை விட்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன்.

6

'பிழை திருத்தம்: முன்னர் ஒட்டப்பட்ட அறிவித்தலில் கடைசிப் பெயர் என்றிருந்தது தவறு. முதற் பெயர் என்றிருக்க வேண்டும். வாக்குச்சீட்டில் ஆறுமுகம் என்ற பெயரில் நின்றவரும் ஏழாம் மாடி திரு. இராசநாயகமும் ஒருவரே. தவறு அறிவித்தலை எழுதியவருடையது. வாசகர்களுடையதல்ல.'

கீழே என் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதினேன். சனிக்கிழமை காலை பதினான்கு மாடிகளிலும் ஒட்டினேன். ஏழாம் மாடியில் ஒட்டும்போது பசை கையில் அப்பிக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அண்ணை. கையில் ஏழாம் மாடிப் பிரதி.

"இது உண்மையா மனே, இல்லாட்டி என்ட மனசத் தேத்த எழுதினயா?"

நான் மேசை லாச்சியிலிருந்து பழைய அறிவித்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். விரலால் எண்ணினார். ஆறுமுகம், பார்லோ, ஹென்ஷோ, ஓக்ஸ். மறுபடி எண்ணினார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப முப்பத்தொரு பேரும்..."

"உங்களுக்குத்தான் போட்டவை. நான்தான் அந்த மனிசிக்கு அனுப்பிப்போட்டன்."

அவர் பழைய அறிவித்தலை மடித்து மேசையில் வைத்தார். "பதினாலு பேர் உன்ட நோட்டீசை நம்பல்ல," என்றார் கடைசியில். "அவங்கதான் புத்திசாலிகள்."

அன்று பின்னேரம் ஏழாம் மாடியில் நடந்ததை நான் நேரே பார்த்தேன். முதலில் ஐந்தாம் மாடியிலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி கையில் வடைத் தட்டு. "அண்ணை, நாங்களும் ஓக்ஸ்தான்," என்றார் கணவர். பிறகு பதினோராம் மாடியிலிருந்து நான்கு பேர். ஆறு மணிக்குள் நடையில் சப்பாத்து வைக்க இடமில்லை. மங்கை அக்கா கோப்பைகளைக் கழுவிக் கழுவி ஊற்றினார். வந்தவர்களை எண்ணுவதை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன்.

சின்னத்துரை ஐயா சால்வை போட்டுக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இராசநாயகம், நான் உம்மட தகப்பனாரைத் துரோகி எண்டு திட்டினனான். ஒருக்கா இல்லை, நாலைஞ்சு பேருக்கு முன்னால. மன்னிக்கவேணும்."

"அவர் செத்து இருபது வருஷம் ஐயா."

"அது இன்னும் பிழை. செத்த மனிசனை."

அண்ணை சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு பிந்தவில்லை. மங்கை அக்காவைப் பார்த்து, "கா, ஐயாவுக்குச் சீனி குறைச்சு ஊத்து. மறுகா மிசிசாகாக் காரனுக்குப் போன் எடுத்து வீடு வேணாமெண்டு சொல்லு," என்றார்.

7

கடவை வந்த கதை சுருக்கமானது. அடுத்த கிழமை அண்ணை மிஸிஸ் ஓக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலத்தை நான் பார்த்துக் கொடுத்தேன். இம்முறை மூன்று தரம். அதில் ஒரு வரி: 'உங்களுக்கு வாக்களித்த முப்பத்தொரு பேர் வீதியைக் கடக்க முடியாமல் நிற்கிறார்கள்.'

அவர் உடனே தொலைபேசி எடுத்தார். ஓய்வு பெற்ற தாதி, தனியாக வாழ்பவர். தான் ஒருமுறைகூடக் கால் வைக்காத கட்டிடத்தில் எப்படி முதலாவதாக வந்தேன் என்று தனக்கும் விளங்கவில்லை என்றார். நேரே வந்தார். அண்ணை கதையைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு இருவரும் பை தூக்கிய முதியவர்களோடு நடுக்கோட்டில் நின்று பார்த்தார்கள். மிஸிஸ் ஓக்ஸ் அப்போது சிரிக்கவில்லை.

எந்தப் படிவம், எந்தக் குழு, எந்தச் செவ்வாய்க்கிழமை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் கையெழுத்துகள் இருந்தன. தேர்தலில் தோற்ற இரண்டு பேர் ஒன்றாக வந்து நின்றது குழுவினருக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். பிறகு கடிதங்கள், அளவெடுப்பவர்கள், மறுபடி கடிதங்கள். அடுத்த கோடையில் வேலை நடந்தது. வீதிக்கு மேலே மஞ்சள் விளக்கு. பொத்தானை அமத்திக் கையை நீட்டினால் கார்கள் நிற்கும். தார் மேல் எக்ஸ் வடிவில் பெரிய வெள்ளைக் கோடுகள். "பாரும், நாங்கள் போட்ட புள்ளடியை றோட்டில கீறியிருக்கிறாங்கள்," என்றார் சின்னத்துரை ஐயா. அன்று அவர் தேவையில்லாமல் நாலு தரம் கடந்தார். கையை நீட்டும்போது ரயிலுக்குக் கொடி காட்டுபவரைப் போல நின்றார்.

8

கடவை வந்த பிறகு யார் தொடங்கியது என்று தெரியவில்லை. கட்டிடத்தில் எல்லோரும் அண்ணையை 'மெம்பர்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஊரில் கிராமசபை உறுப்பினரைக் கூப்பிடுவது போலவே. தண்ணீர் வரவில்லையா, மெம்பரிடம் சொல். வெப்பம் ஏறவில்லையா, மெம்பரிடம் சொல். சபைக் கூட்டம் ஒன்றிலும் அவர் ஆசனத்தில் இருந்ததில்லை. அவரும் முதலில் மறுத்தார். பிறகு விட்டுவிட்டார்.

எங்கள் மகள் சுமதிக்கு இப்போது பதினொரு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தவமணிக்கு அதில் கவலை உண்டு. எனக்கும் உண்டு, ஆனால் அவள் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை விடுவதில்லை. இந்த மாதம் அவளுடைய பிறந்தநாள் அழைப்புகளுக்கு அவளே உறை எழுதினாள். முடிந்ததும் நான் பார்த்தேன். பழக்கதோஷம். ஒரு உறையில் ஆங்கிலத்தில் இருந்தது: 'திரு., திருமதி மெம்பர்.'

"இது ஆர்?" என்று கேட்டேன்.

"Seventh floor uncle, அப்பா."

"அவரின்ர பேர் அதில்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். "Then what's his last name?"

ஆறுமுகம் என்று சொல்வதா, இராசநாயகம் என்று சொல்வதா என்று தீர்மானிப்பதற்குள் அவள் உறையை எடுத்து ஒட்டிக்கொண்டு எலிவேட்டருக்குப் போய்விட்டாள்.

விழா நாளில் அண்ணையும் மங்கை அக்காவும்தான் முதலில் வந்தார்கள். அண்ணை கோட்டின் மேல் பையில் அந்த உறை தெரியும்படி செருகியிருந்தார்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ," என்றாள் தவமணி. "பிள்ளைக்கு உங்கட பேர் தெரியாது."

"தெரியாமலா எழுதியிருக்கா?" என்றார் அவர். "நீங்க எல்லாம் ஒரு நாள் வோட்டுப் போட்டதுதான். இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் எனக்குப் போட்டிருக்கா."

மங்கை அக்கா அவருடைய முழங்கையில் இடித்தார். "வாசல மறிச்சுக்கொண்டு நிண்டு பேசாதங்கோ. பின்னால ஆக்கள் வாறாங்க."

அவர் விலகி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்தவர்களையெல்லாம் உள்ளே அனுப்பினார். விழா எங்கள் வீட்டில்தான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அவருக்குத்தான் முதலில் கை கொடுத்தார்கள்.